என்றைக்கு முடிவு செய்தீர்கள்?

எங்கள் மார்க்கெட் ரிசர்ச் தொழிலில் எந்தக் கேள்வித்தாளை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி இருக்கும். "உங்கள் வீட்டில் யாராவது விளம்பரக் கம்பெனியிலோ, பத்திரிகை, டிவியிலோ, மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியிலோ வேலை பார்க்கிறார்களா?" ஆமாம் என்று பதில் வந்தால் அத்தோடு சரி. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் யோசித்து யோசித்துப் பதில் சொல்வார்கள், கணக்கு கெட்டுவிடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான்.

22 வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்டும், கேட்கச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். சோப்பு வாங்குகிறவரிடம் கேட்டாயிற்று, பைக் வாங்குகிறவரிடம் கேட்டாயிற்று, மாட்டுத் தீவனம் வாங்குகிறவரிடம்கூடக் கேட்டாயிற்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று. இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. முதல் கேள்வியிலேயே எங்களை நாங்களே வெளியே அனுப்பிவிடுகிறோமே!

போன வருஷம் எங்கள் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்கும் ஃபீல்டுக்குக் கொஞ்சம் பேர், பதில்களுக்கு எண் போடும் கோடிங்குக்குக் கொஞ்சம் பேர், அறிக்கை எழுதும் ரிசர்ச் எக்ஸிகியூட்டிவ் இரண்டு பேர். நாலு மாதம் தினமும் யாராவது என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். இது ஆய்வு இல்லை. சாம்பிள், கோட்டா ஒன்றும் கிடையாது. காது கொடுத்துக் கேட்டேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வந்தவர்களில் இந்த வேலைதான் வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. வங்கித் தேர்வு எழுதிக் கிடைக்காதவர், ஐ.டி.க்கு முயன்றவர், குழந்தை பள்ளிக்குப் போய்விட்டதால் பகலில் நேரம் இருக்கிறது என்று வந்தவர். இதில் எனக்கு வருத்தமில்லை. நானே தற்செயலாக வந்தவன்தான்.

2003இல் பி.காம் இரண்டாம் வருஷம். பெரம்பூரில் எங்கள் தெருவில் இருந்த ஒரு அண்ணன், "ரெண்டு நாள் வேலை இருக்கு, வர்றியா?" என்று கூட்டிப்போனார். அண்ணா நகரில் ஒரு வீட்டு மாடியில் பிரீஃபிங். ஷாம்பு பற்றிய கேள்வித்தாள், 18 பக்கம். ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னார்கள். மறுநாள் வியாசர்பாடியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு இடத்தில் ஆரம்பித்து வலது கைப் பக்கமாகவே நடக்க வேண்டும், ஒரு வீட்டை முடித்தால் இத்தனை வீடு விட்டு அடுத்தது. வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் நாம் முடிவு செய்யக் கூடாது. கேள்வித்தாளில் கட்டம் போட்ட ஒரு அட்டவணை இருக்கும், அது சொல்லும். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியல் அறிஞர் 1949இல் வெளியிட்ட முறை அது என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கதவைத் திறந்த அக்கா பேசத் தயாராக இருக்கிறார், அட்டவணையோ மாமியாரைக் கேட்கச் சொல்கிறது என்பதுதான். மாமியாருக்கு ஷாம்பு ஆகாது, சீயக்காய்தான். படியிறங்கி வந்தேன்.

கேள்வித்தாளுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த இரண்டு நாள் கூலி மூன்றாவது மாதம் கைக்கு வந்தது. வந்ததும் மறுபடி போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முடி கொட்டுகிற கவலையை இருபது நிமிஷம் சொல்கிறார்கள். அது பிடித்திருந்தது.

என் அம்மா பக்கத்து வீட்டில், "கணக்கெடுப்புல இருக்கான்" என்பார். எனக்குப் பெண் பார்த்தபோது, "கவர்ன்மென்ட்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வயது ஒன்றும் குறைவில்லை. விக்ரம் சாராபாய் பரோடாவில் ஓ.ஆர்.ஜி. என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது 1960இல். அப்புறம் பம்பாயில் ஒரு விளம்பரக் கம்பெனியின் கிளையாக ஐ.எம்.ஆர்.பி. என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் வந்தது. இத்தனை காலமாகியும், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்ல முடிகிறதா? டாக்டர், டீச்சர், கண்டக்டர் மாதிரி ஒரு பெயர் எங்களுக்கு இல்லை.

சரி, வந்தவர்களிடம் கேட்டதற்கு வருகிறேன்.

முதல் பத்து பேரிடம் நேராகவே கேட்டேன். "இந்த வேலையில உங்களுக்கு என்ன வேணும்?" கிடைத்த பதில்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். "கத்துக்கணும் சார்." "வளர்ச்சி வேணும் சார்." "நல்ல சூழல்." எல்லாம் பாடம் பண்ணி வந்த பதில்கள். தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. சோப்பு மாற்றினவரிடம் "ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டால் "தரம்" என்பார், "விலை" என்பார். அதை நம்பி ஒரு கம்பெனியும் சோப்புப் போடாது. கடைசியாகக் கடைக்குப் போன நாளைச் சொல்லுங்கள், யாரோடு போனீர்கள், கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். இதைத் தினமும் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். எதிரே வேலை கேட்டு வந்தவர் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

பதினோராவது ஆளிலிருந்து கேள்வியை மாற்றினேன். "முந்தின வேலையை விடணும்னு என்னைக்கு முடிவு பண்ணீங்க? அந்த நாளைச் சொல்லுங்க."

ஃபீல்டுக்கு வந்த ஒரு அம்மா, வயது நாற்பது இருக்கும், கொளத்தூரிலிருந்து வந்திருந்தார். ஒன்பது வருஷ அனுபவம். அவர் சொன்னது: "ஒரு நாள் ஆறு வீடு முடிச்சேன் சார். நல்ல வெயில். ராத்திரி பேக் செக்குக்கு ஆபீஸ்லேர்ந்து போன் அடிச்சிருக்காங்க. ஒரு வீட்டுல வீட்டுக்காரரு எடுத்துட்டாரு. எங்க வீட்டுக்கு யாரும் வரலையேன்னு சொல்லிட்டாரு. அவருக்கு எப்படித் தெரியும், நான் பேசினது அவரு சம்சாரத்துகிட்ட. அந்த ஒண்ணுக்காக ஆறையும் கேன்சல் பண்ணிட்டாங்க. பணம்கூடப் போகட்டும். ஃபேக்குன்னு எழுதிட்டாங்க சார்."

பேக் செக் என்றால் தெரியாதவர்களுக்கு: பேட்டி எடுத்த வீடுகளில் சிலவற்றுக்கு வேறொருவர் மறுபடி போன் செய்தோ நேரில் போயோ, உண்மையாகவே பேட்டி நடந்ததா என்று சரிபார்ப்பது. அவசியமான வேலை. ஆனால் சரிபார்ப்பதும் சந்தேகப்படுவதும் ஒன்றில்லை. இப்போது டேப்லெட் வந்துவிட்டது. எந்த இடத்தில் நின்று கேட்டீர்கள் என்பதை ஜி.பி.எஸ். சொல்லும், குரல் பதிவாகும், எத்தனை நிமிஷம் என்று மணி காட்டும். இதெல்லாம் கண்காணிப்பு என்று ஃபீல்டு ஆட்கள் வெறுப்பார்கள் என நினைத்திருந்தேன். அந்த அம்மா நேர்மாறாகச் சொன்னார். "அன்னைக்கு ரெக்கார்டிங் இருந்திருந்தா என் பக்கம் சாட்சி இருந்திருக்கும்ல?"

நான் சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். கேள்வித்தாள் எத்தனை நிமிஷம்? கோட்டா எந்த கிளாஸ்? பணம் எந்தத் தேதி?

இந்தத் தொழிலில் ஃபீல்டு ஆட்களின் தேவை முழுக்க இந்த மூன்று கேள்விக்குள் இருக்கிறது.

நிமிஷம் எதற்கு என்றால், கூலி முடித்த பேட்டிக்குத்தான். பதினைந்து நிமிஷக் கேள்வித்தாளும் ஐம்பது நிமிஷக் கேள்வித்தாளும் பேப்பரில் ஒரே மாதிரி "ஒரு பேட்டி". ஐம்பது நிமிஷம் என்றால் பாதியில் குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும், "அப்புறம் வாம்மா" என்பார்கள். பாதிப் பேட்டிக்குப் பணம் கிடையாது. இதில் மொழி வேறு. மும்பையில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கி அனுப்புவார்கள். "இந்தப் பிராண்ட் என்னைப் போன்றவர்களுக்கானது என்பதை நீங்கள் மிகவும் ஆமோதிக்கிறீர்களா, ஓரளவு ஆமோதிக்கிறீர்களா, ஆமோதிக்கவும் இல்லை எதிர்க்கவும் இல்லையா?" இதே போல இருபத்திரண்டு வாக்கியம், ஒவ்வொரு பிராண்டுக்கும். நாலாவது வாக்கியத்தில், "அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனேம்மா" என்று வரும். மீதிப் பதினெட்டையும் அந்தக் கோபத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டியவர் கேள்வித்தாளை எழுதியவர் இல்லை.

கோட்டா எதற்கு என்றால், எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறக்காது. குடும்பங்களை வசதி கூடிய ஏ1 தொடங்கித் தரம் பிரிப்போம். எந்தத் தரத்தில் எத்தனை வீடு என்பதுதான் கோட்டா. 1988இல் வந்த பழைய முறையில் சம்பாதிப்பவரின் படிப்பும் தொழிலும் கணக்கு. 2011இல் அதை மாற்றி, படிப்போடு, ஒரு பட்டியலில் உள்ள 11 பொருளில் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினார்கள். மின் இணைப்பு, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கார் என்று போகும் அந்தப் பட்டியலில் கலர் டிவியும் ஒன்று. 2006இலிருந்து தமிழ்நாட்டில் அரசாங்கமே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்தது. இங்கே டிவியை வைத்து யாரைப் பிரிப்பது? மும்பையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கி எனக்கு வாய் வலித்தது. இப்போது அந்த 11 பொருள் பட்டியலும் போய், வீட்டில் உள்ளவர்களின் படிப்பையும் தொழிலையும் பார்க்கிற புது முறை வந்திருக்கிறது. முறை எதுவானாலும் ஃபீல்டில் நிலைமை அதேதான். சி, டி வீடு என்றால் கதவு திறந்தே இருக்கும், பாய் போடுவார்கள். ஏ1 என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு, கேட்டில் செக்யூரிட்டி, வருகிறவர்களைப் பதிவு செய்யும் மைகேட் ஆப், "யாரைப் பார்க்கணும்?" ஒரு நாள் முழுக்க நின்று ஒரு வீடுகூடக் கிடைக்காமல் திரும்பலாம். கூலியில் அந்த வித்தியாசத்தைச் சரியாகப் போடுகிற கம்பெனிகள் குறைவு.

தேதிதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. எவ்வளவு என்பதைவிட எப்போது என்று கேட்டவர்கள்தான் அதிகம். வாடிக்கையாளர் கம்பெனி எங்களுக்கு அறுபது, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தரும். நாங்கள் அதை ஃபீல்டு ஏஜென்சிக்குத் தள்ளுவோம். ஏஜென்சி சூப்பர்வைசருக்கு, சூப்பர்வைசர் இவர்களுக்கு. பஸ்ஸுக்குக் கொடுத்த காசு மட்டும் அன்றைக்கே போய்விடும். வட்டியில்லாக் கடன் கொடுத்து ஒரு தொழிலையே நடத்துகிறார்கள் இந்தப் பெண்கள்.

தேதிக்கு அடுத்தபடி கேட்டது ஒரு கடிதம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. ஆனால் ஃபீல்டு ஆட்களை "ஃப்ரீலான்ஸ்" என்றே எழுதிப் பழகியாயிற்று, அந்தப் பழக்கம் சட்டத்தைப் பார்த்து ஒரே நாளில் போய்விடாது. ஒரு பெண் சொன்னார், "லோன் கேட்டா வேலை பாக்குறதுக்கு ஆதாரம் கேக்குறாங்க சார். ஒன்பது வருஷமா தெருத்தெருவா நடந்திருக்கேன், என்கிட்ட செருப்புதான் இருக்கு ஆதாரம்."

அடையாள அட்டையும் அப்படித்தான். கழுத்தில் நல்ல அட்டை தொங்கினால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் எங்களை யாரென்று நினைப்பார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறும். இலவச டிவி காலத்தில், "உங்க வீட்டுல டிவி இருக்கா?" என்றால் இருக்கிற டிவி சத்தத்துக்கு நடுவிலேயே "இல்லைங்க" என்பார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்த பிறகு கார் வைத்திருப்பவர்கள் உஷாராகிவிட்டார்கள். நாலு சக்கர வண்டி இருந்தால் தொகை கிடையாது என்று அப்போது விதி வந்தது அல்லவா. வாசலில் நிற்கிற கார், "மச்சானோடது" ஆகிவிடும். இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கையில் டேப்லெட்டோடு வந்து வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறவர் அரசாங்கம் இல்லை, திருடரும் இல்லை என்று எப்படி நம்புவது?

பெண்கள் கடைசியில், எழுந்து போகிற நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்று உண்டு. பாத்ரூம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை தெருவில். எந்த ஏரியாவில் போடுவீர்கள், பக்கத்தில் வசதி இருக்குமா என்று கேட்பார்கள். தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பிரீஃபிங்கில் வலது கை விதி பற்றி அரை மணி நேரம் பேசுவோம், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கோடிங் பக்கம் வேறு உலகம். பலருக்கு கோடிங் என்றால் கம்ப்யூட்டர் புரோகிராம். இங்கே அது இல்லை. "ஏன் பிடிக்கவில்லை?" என்ற கேள்விக்கு மக்கள் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதினதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போடுவது. ருசி சரியில்லை என்றால் 11, விலை அதிகம் என்றால் 12, இப்படி. சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து அமெரிக்கர்களின், இங்கிலாந்துக்காரர்களின் பதில்களுக்கு எண் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்டில் பதினோரு மாதம் இந்த வேலை. என்றைக்கு முடிவு பண்ணீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"காலை உணவா சாப்பிடுவாங்கள்ல, சீரியல், அது பத்தின சர்வே சார். ஏன் இப்ப வேற பாக்கெட் வாங்குறீங்கன்னு கேள்வி. ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. வீட்டுக்காரர் இறந்துட்டாராம். பெரிய பாக்கெட் வாங்கினா முடியுறதுக்குள்ள நமத்துப் போகுதாம்."

"என்ன கோட் போட்டீங்க?"

"பதினாலு சார். சின்ன பாக்கெட்."

வேறொன்றும் சொல்லவில்லை. சரி, இங்கே உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பகல் ஷிஃப்ட் என்றார் உடனே. அப்புறம், விசிட்டிங் கார்டில் "அனலிஸ்ட்" என்று இருக்க வேண்டும். அதுவும் புரிகிறது. கோடிங் ஆள் என்று போட்டால் நாளைக்கு வேறு தொழிலுக்குத் தாவ முடியாது. இவர்களுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. பதில்களை எண்ணி அட்டவணை போடுவதற்கென்றே எங்கள் தொழிலில் சில பழைய மென்பொருள்கள் உண்டு. அதில் ஒன்றான குவாண்டம் தெரிந்தவருக்கு ஒரு காலத்தில் ராஜ மரியாதை. வெளியே போய் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆகவே எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற பைதான், ஆர் என்ற புரோகிராம் மொழிகளைச் சொல்லித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். ஏ.ஐ. வந்து பதில்களுக்கு எண் போடும் வேலையை நிமிஷத்தில் செய்து முடிப்பதை அவர்களே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இந்த வேலை இன்னும் எத்தனை வருஷம் சார்?" என்று ஒரு பெண் கேட்டபோது, இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர்ப் பதில்களைப் படிக்கும்போது மட்டும் மெஷின் கொஞ்சம் தடுமாறுகிறது. ஒரு காபித்தூள் ஆய்வில் ஒருவர் "வாசம் தெருமுனைலயே கூப்பிடுது" என்று சொல்லியிருந்தார். மெஷின் அதைக் கடை எங்கே இருக்கிறது என்ற வகையில் போட்டுவிட்டது. அந்தத் தம்பி திருத்தினார். அவரை எடுத்துக்கொண்டோம், பகல் ஷிஃப்டில்.

எம்.பி.ஏ. படித்து வந்தவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும், அதைத் தெளிவாகவும் சொல்வார்கள். மார்க்கெட் ரிசர்ச் என்ற பெயர் வேண்டாம், இன்சைட்ஸ் என்று இருந்தால் தேவலை. இரண்டு வருஷம் இருந்துவிட்டு, இன்றைக்கு எங்களுக்கு வேலை தருகிற கம்பெனியிலேயே போய் உட்கார வேண்டும், அங்கே சம்பளம் கூட. இதில் ஒளிவுமறைவு இல்லை, நான் மதிக்கிறேன். ஒரு பையன் சொன்ன நாள் மட்டும் மனதில் நிற்கிறது. 84 ஸ்லைடு. மூன்று வாரம், ராத்திரி பகல். பிரசென்டேஷனில் பிராண்ட் மேனேஜர் ஆறாவது ஸ்லைடில் நிறுத்தி, "போன வருஷத்தைவிட மேலயா கீழயா?" என்று கேட்டார். மேலே என்றார்கள். "குட்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மீதி 78 ஸ்லைடும் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன் என்றான்.

இந்த மூன்று வாசலில் வந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனாலும் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது மூவரும் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். நான் செய்த வேலை எங்கே போயிற்று? அந்த ஆறு பேட்டி, அந்தப் பதினாலாம் எண், அந்த 78 ஸ்லைடு. யாராவது அதைப் பார்த்தார்களா?

இதைச் சம்பளத்துக்குப் பதிலாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தொழிலில் முதலாளிகள் கூடிப் பேசும் இடத்தில் "இளைஞர்கள் அர்த்தமுள்ள வேலையைத் தேடுகிறார்கள்" என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள், கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். அர்த்தத்தை வைத்து ரேஷன் வாங்க முடியாது. பணம் தேதிக்கு வந்தால்தான் மற்றதைப் பற்றிக் கேட்கவே வாய் வரும்.

என் கையிலும் அழுக்கு இருக்கிறது. 2014இல் ஒரு வேலை. நாற்பது நிமிஷக் கேள்வித்தாள், எல்லாம் ஏ1 வீடு, பத்து நாளில் முடிக்க வேண்டும், கூலி பழைய ரேட். ரேட் போட்டவன் நான். பத்தாவது நாள் அத்தனை பேட்டியும் வந்து சேர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். அப்புறம் நேரத்தைப் பார்த்தால், பல பேட்டிகள் ஒன்பது நிமிஷத்தில் முடிந்திருந்தன. வீட்டில் உட்கார்ந்து அவர்களே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாலு பேரை நிறுத்தினேன். அதில் ஒருவர் போகும்போது, "கேட்டுக்கு உள்ளயே விடல சார், நீங்க ஒரு தடவை வந்து நின்னு பாருங்க" என்றார். நான் போய் நிற்கவில்லை. அடுத்த வேலைக்கு ரேட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன்.

2025 ஏப்ரலில் அமெரிக்காவில் எட்டுப் பேர் மீது வழக்கு வந்தது. ஆன்லைன் சர்வேக்களுக்கு ஆள் வைத்துப் பொய்யாகப் பதில் நிரப்பி, சுமார் 1 கோடி டாலருக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்படி நிரப்பியவர்களுக்கு அவர்களுக்குள் "எறும்புகள்" என்று பெயராம். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நாலு பேர் முகம்தான் வந்தது. பொய்ப் பேட்டி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

கொளத்தூர் அம்மாவையும் எடுத்துக்கொண்டோம். ஃபீல்டு ஆட்களுக்கு மாதம் பத்தாம் தேதி பணம் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்காக அக்கவுண்ட்ஸில் நான் போட்ட சண்டையைத் தனியாக எழுத வேண்டும். இன்னொன்றும் ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஆய்வு முடிந்ததும், வாடிக்கையாளர் பெயர் இல்லாமல், ரகசியம் எதுவும் போகாமல், என்ன தெரிந்தது என்று தமிழில் அரைப் பக்கம் எழுதி ஃபீல்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பாதிப் பேர் படிப்பதில்லை. சிலர் கைகூப்பின பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

போன மாதம் அந்த அம்மா மட்டும் அலுவலகத்துக்கு வந்தபோது போனை நீட்டினார். பாத்திரம் தேய்க்கும் சோப்பு பற்றிய ஆய்வின் அரைப் பக்கம். அதில் ஒரு பதிலை அப்படியே மேற்கோளாகப் போட்டிருந்தேன்: "நுரை வந்தா மட்டும் போதுமா, கை எரியாம இருக்கணும்ல."

"இது மூணாவது மாடி அக்கா சொன்னது சார். நான்தான் எழுதினேன். கையக்கூடக் காமிச்சாங்க, விரலெல்லாம் வெடிச்சிருந்துச்சு."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா சார். அப்படியே போட்டிருக்கீங்க." இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சார், அந்த வேலைக்கு ரெண்டு நாள் பஸ் காசு இன்னும் வரல" என்றார்.

எழுந்து அக்கவுண்ட்ஸுக்குப் போனேன்.